குறைந்துகொண்டே வந்த பாயிண்ட்

கிரியேட்டினின் என்று முழுதாக யாரும் சொல்வதில்லை. தாராவியிலிருந்து வருகிறவர்கள் ‘கிரட்டின்’ என்பார்கள். மாட்டுங்காவிலிருந்து கோப்பும் கையுமாக வரும் ரிட்டயர்டு ஆபீசர்கள் கொஞ்சம் சரியாகச் சொல்வார்கள். மற்ற எல்லோருக்கும் அது வெறும் ‘பாயிண்ட்’தான். பாயிண்ட் ஏறிவிட்டது, பாயிண்ட் நிற்கிறது, பாயிண்ட் இறங்க மாட்டேன் என்கிறது. செம்பூரில் ஒரு டிரஸ்ட் ஆஸ்பத்திரியின் சிறுநீரகப் பிரிவில் நான் சிஸ்டராக இருந்த காலம் முழுவதும், காலையில் வந்து உட்கார்ந்ததும் காதில் விழும் முதல் சொல் அதுதான்.

நீங்கள் புதிதாக அந்தப் பிரிவுக்குள் வந்திருக்கிறீர்கள். மெஷினைப் பற்றியும் மருந்தைப் பற்றியும் சொல்லித்தர என்னைவிட நல்லவர்கள் அங்கே இருக்கிறார்கள். நான் எழுத உட்கார்ந்தது ஒரு புருஷனையும் பெண்டாட்டியையும் பற்றி. பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

அதற்கு முன் ஒரு சின்ன விஷயம். நான் அந்தப் பிரிவுக்குப் போன புதிதில், காட்கோபரிலிருந்து ஒரு வாலிபன் முகம் வெளிறி வந்தான். ஜிம்மே கதி என்று கிடக்கிறவன். ஏதோ வேலைக்காக எடுத்த ரத்தப் பரிசோதனையில் பாயிண்ட் கொஞ்சம் கூடுதலாக இருந்தது. அவனுடைய அம்மா வாசலிலேயே உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். எங்கள் பெரிய டாக்டர் ரிப்போர்ட்டைக் கையில் வாங்கினார், ஆனால் அதைப் பார்க்கவில்லை. அவன் தோளைப் பார்த்தார், புஜத்தைப் பார்த்தார். சிறுநீரையும் சோதித்துவிட்டு ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார். அப்புறம் என்னிடம் ஹிந்தியில் விளக்கினார். கிரியேட்டினின் என்பது நம் உடம்பின் சதையிலிருந்து தினமும் வெளியாகும் கழிவு. சிறுநீரகம் அதை வடிகட்டி வெளியே தள்ளுகிறது. சிறுநீரகம் சோர்ந்தால் ரத்தத்தில் அது தேங்கும், எண் ஏறும். ஆனால் சதை அதிகம் உள்ளவனுக்குச் சிறுநீரகம் நன்றாக இருந்தாலும் எண் சற்றுக் கூடும். சதையே இல்லாதவனுக்குச் சிறுநீரகம் கெட்டிருந்தாலும் எண் ஏறாது. அதனால் எண்ணைப் படிக்கும் முன் ஆளைப் படி என்றார். நான் தலையாட்டினேன். அந்தச் சொல்லின் பாரம் எனக்குப் பல வருஷம் கழித்து, தேவதாசன் வந்தபோதுதான் புரிந்தது.

தேவதாசன் தாராவிக்காரர், பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். வீடு மாற்றுகிறவர்களின் சாமான்களை ஏற்றி இறக்கும் கூட்டத்துக்கு அவர்தான் மேஸ்திரி. லிஃப்ட் இல்லாத பழைய கட்டடங்களில் பீரோவை முதுகில் வைத்துக் கயிற்றை நெற்றியில் மாட்டிக்கொண்டு ஏறுகிற ஆள். ஐம்பதைத் தாண்டியும் கழுத்து தூண் மாதிரி இருந்தது. இடுப்பு வலிக்கும் முட்டி வலிக்கும் மெடிக்கல் ஸ்டோரில் கேட்டு வாங்கிய மாத்திரையைப் பல வருஷமாக வெறும் வயிற்றில் விழுங்கி வந்திருக்கிறார். ரத்தக் கொதிப்பு இருந்தது அவருக்கே தெரியாது. கால் வீங்கிச் செருப்பு நுழையாமல் போன பிறகுதான் மனைவி ஞானம் அவரை இழுத்துக்கொண்டு வந்தார். ஒன்றை ஒட்டி இருக்க வேண்டிய பாயிண்ட் நாலைத் தாண்டியிருந்தது.

பெரிய டாக்டர் சொல்ல வேண்டியதைச் சொன்னார். வலி மாத்திரையை இன்றோடு விட வேண்டும். கொதிப்பைக் கட்டுக்குள் வைக்க வேண்டும். உப்பு குறைய வேண்டும். பருப்பு, மீன், முட்டை எல்லாம் அளவோடு சாப்பிட வேண்டும். சிறுநீரகம் பெரும்பகுதி போய்விட்டதால் என்றாவது டயாலிசிஸ் தேவைப்படும், அதற்காகக் கையில் ஒரு சின்ன ஆபரேஷன் முன்கூட்டியே செய்துகொள்வது நல்லது. எல்லாவற்றையும் நான் நம் பேச்சில் மறுபடி சொன்னேன்.

டயாலிசிஸ் என்ற சொல் வந்ததும் ஞானத்தின் முகம் இறுகிவிட்டது. தேவ்நாரில் இருந்த அவருடைய அண்ணன் மெஷினில் ஏறிச் சில மாதங்களில் இறந்துபோயிருந்தார். ரொம்பவும் முற்றிய நிலையில்தான் அவரைக் கொண்டுவந்தார்கள் என்பதை ஞானம் கணக்கில் எடுக்கவில்லை. மெஷின் ஏறினான், செத்தான். அவர் மனதில் பதிந்திருந்தது அவ்வளவுதான். “இவியள நான் மெஷின்ல ஏத்த விடமாட்டேன் சிஸ்டர்” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போலிருந்தது.

அடுத்த முறை வந்தபோது பாயிண்ட் மூன்றரைக்கு இறங்கியிருந்தது. அது நிஜமான இறக்கம். வலி மாத்திரை நின்றது, கொதிப்பு அடங்கியது, சிறுநீரகத்துக்குக் கொஞ்சம் மூச்சு விட இடம் கிடைத்தது. எங்களுக்கும் சந்தோஷம். ஆனால் ஞானம் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். சாப்பாட்டைக் குறைத்ததால் இறங்கியது என்று நினைத்தார். கொஞ்சம் குறைத்தால் இவ்வளவு இறங்குமென்றால் இன்னும் குறைத்தால் என்ன? மீன் போயிற்று. முட்டை போயிற்று. பிறகு பருப்பும் பாலும் போயின. கஞ்சியும் சுரைக்காயும்தான் மிஞ்சின. இதையெல்லாம் அவர் எங்களிடம் சொல்லவில்லை. மறைக்கவும் இல்லை. நன்றாகச் சாப்பிடுகிறாரா என்று நாங்கள் கேட்டால், நீங்கள் சொன்னபடிதான் என்பார். அவர் அப்படித்தான் நம்பினார்.

பாயிண்ட் மூன்றுக்கு வந்தது. அதற்கும் கீழே போனது. எடை பார்க்கும் மெஷினும் எங்களுக்கு உதவவில்லை. உடம்பில் தேங்கிய நீர், குறைந்த சதையின் இடத்தை நிரப்பிவிட்டதால் எடை பெரிதாக மாறவேயில்லை. நடுவில் சில மாதங்கள் பெரிய டாக்டர் ஊரில் இல்லை. பார்த்தவர்கள் எல்லோரும் எண்ணைப் பார்த்தார்கள், ‘அச்சா’ என்று எழுதி அனுப்பினார்கள்.

பெரிய டாக்டர் திரும்பி வந்த வாரம் ஞானம் ஒரு பெட்டி நிறைய பேடாவோடு வந்தார். பாயிண்ட் இரண்டரையைத் தொட்டிருந்தது. காத்திருக்கும் கூடத்தில் எல்லோருக்கும் எடுத்து நீட்டினார். பக்கத்தில் மான்குர்டிலிருந்து வந்த ஒரு அம்மாள், அவரும் தமிழ்தான், எப்படி இறங்கியது என்று ஆவலாகக் கேட்டார். ஞானம் விவரமாகச் சொல்லத் தொடங்கினார். பருப்பை மோந்துகூடப் பார்க்கக் கூடாது, கஞ்சியை வடிகட்டிக் கொடு, சுரைக்காய்ச் சாறு கொடு என்று. அந்த அம்மாளின் கணவர் ஏற்கெனவே ஒட்டிப்போன ஆள். இன்னும் இரண்டு பேர் நாற்காலியை நகர்த்திக்கொண்டு பக்கத்தில் வந்தார்கள். நான் பதிவு மேஜையில் இருந்தேன். கேட்டுக்கொண்டே எழுந்தேன், அதற்குள் உள்ளேயிருந்து தேவதாசனைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

டாக்டர் ரிப்போர்ட்டைப் பிரித்தார், மூடி வைத்தார். தேவதாசனின் சட்டைக்குள்ளிருந்து வந்த கையைப் பார்த்தார். பிறகு, இரண்டு கைகளையும் மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து எழுந்திருங்கள் என்றார்.

தேவதாசன் சிரித்துக்கொண்டே கையைக் கட்டினார். எழ முயன்றார். முடியவில்லை. முன்னால் சாய்ந்து இன்னொரு முறை முயன்றார். தொடை நடுங்கியது. மூன்றாவது முறை கையை விரித்து மேஜையைப் பிடித்துக்கொண்டார். ஃப்ரிட்ஜைத் தனியாகத் தூக்கி மாடி ஏறிய மனிதர் அவர். ஞானம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். “செருப்பு வழுக்குது” என்றார் தேவதாசன்.

டாக்டர் சதையைப் பொறுத்து மாறாத வேறொரு ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக்கொடுத்து, ஞானத்தை மருந்துக் கடைக்கு அனுப்பினார். என்னை ஓரமாக அழைத்தார். சிறுநீரகம் முன்பைவிட மோசமாகத்தான் இருக்கும், எண் குறைந்தது ஆள் கரைந்ததால் என்றார். பிறகு சொன்னதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. இந்தப் பெண்ணுக்கு இது இன்றைக்கே தெரிய வேண்டும், வெளியே கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கும் தெரிய வேண்டும். ஆனால் சொல்லும் விதத்தில் அவள் உடைந்துபோனால் அவரைக் கூட்டிக்கொண்டு ஏதாவது நாட்டு வைத்தியரிடம் போய்விடுவாள், திரும்ப வர மாட்டாள். உன் பாஷையில் நீயே சொல் என்றார்.

எனக்கு யோசிக்க நேரம் இல்லை. மருந்துக் கடையில் வரிசை எவ்வளவு நீளமோ அவ்வளவுதான் அவகாசம். கூடத்தில் நின்று எல்லோருக்கும் பொதுவாக, அந்த அம்மா சொன்னதைக் கேட்காதீர்கள் என்று சொல்லியிருக்கலாம். அது சுலபம். அதைச் செய்ய வேண்டாம் என்று மனது சொன்னது. முதலில் தேவதாசனிடமே பேசுவோம் என்று அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அண்ணாச்சி, சரியாகச் சாப்பிடுகிறீர்களா என்று கேட்டேன்.

அவர் கதவைத் திரும்பிப் பார்த்தார். ஞானம் இல்லை என்று தெரிந்த பிறகுதான் பேசினார்.

“பசிக்கி சிஸ்டர். ரொம்பப் பசிக்கி. தூக்கத்துல மீன் கொழம்பு வாசன அடிக்கி.”

ஏன் சொல்லவில்லை என்றேன்.

“ஒவ்வொரு ரிப்போட்டுக்கும் அவ சிரிக்கா. அவ அண்ணன் செத்த பெறவு அவ சிரிச்சு நான் பாக்கல. பாயிண்டு கொறையட்டும், நாலு நாளு பசிச்சா என்னன்னு இருந்துட்டேன். அவகிட்ட சொல்லிராதிய.”

நான் சரி என்றேன்.

ஞானம் மருந்தோடு வந்ததும், மருந்து எடுத்து வைக்கும் சின்ன அறைக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்தேன். கிரட்டின் எங்கிருந்து வருகிறது என்று சொன்னேன். உடம்பில் சதை குறைந்தால் அதுவும் குறையும் என்றேன். நான் முடித்த பிறகு ஒரே கேள்வி கேட்டார்.

“அப்ப இவ்வளவு நாளும் கொறஞ்சது பொய்யா?”

“மொதல்ல கொறஞ்சது நெசம் ஞானம். வலி மாத்திரைய நிறுத்துனதுக்குக் கொறஞ்சது. பெறவு கொறஞ்சது அவரு சதை.”

அழுவார் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை. கையிலிருந்த மருந்துப் பையின் வாயை முறுக்கினார், பிரித்தார், மறுபடி முறுக்கினார். பிறகு எழுந்து வெளியே நடந்தார். கோபித்துக்கொண்டு போகிறார் என்று பயந்து பின்னாலேயே ஓடினேன். அவர் நேராகக் கூடத்துக்குப் போய், மான்குர்டு அம்மாள் முன்னால் நின்றார்.

“அக்கா, நான் சொன்னதச் செய்யாதிய. தப்பு. அவியளுக்குப் பருப்பு கொடுங்க, சிஸ்டர் சொல்லுத அளவுல கொடுங்க.”

கூடம் முழுக்கக் கேட்டது. சற்று முன் அத்தனை பேருக்கும் பேடா கொடுத்தவர் அவர். என் வேலைக்காலத்தில் நிறையப் பேர் துணிச்சலாக நடந்துகொண்டதைப் பார்த்திருக்கிறேன். அன்று ஞானம் நடந்த அந்தப் பத்தடி தூரத்துக்கு ஈடாக எதையும் பார்த்ததில்லை.

அந்த வேறு பரிசோதனையின் முடிவு டாக்டர் சொன்னபடியே வந்தது. ஞானம் மறுநாளிலிருந்தே முட்டையும் மீனும் கொடுக்கத் தொடங்கினார். தேவதாசன் கையில் ஆபரேஷன் ஆயிற்று. சில வாரங்களில் டயாலிசிஸும் தொடங்கியது. முதல் தடவை அவரை மெஷினில் போட்டபோது ஞானம் உள்ளே வரவில்லை, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றார். அவர் முழித்திருக்கிறார், பேசுகிறார் என்று தெரிந்ததும் உள்ளே வந்து கால்மாட்டில் உட்கார்ந்தார். அதன் பிறகு ஒவ்வொரு முறையும் அங்கேயே உட்காருவார்.

அவர்களுக்கு ஒரே மகள், ஷீபா. காட்கோபரில் ஒரு கால் சென்டரில் வேலை. தமிழ் பேசுவாள், ஆனால் வேகமாகப் பேச ஆரம்பித்தால் ஹிந்திக்குத் தாவிவிடுவாள். தன் கிட்னியைத் தருகிறேன் என்று அவளாகவே வந்து நின்றாள். தேவதாசன் முதலில் முடியாது என்றார், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிவந்தார். அவளுக்குப் பரிசோதனைகள் தொடங்கின. ஆனால் அவருடைய உடம்பு ஆபரேஷனைத் தாங்கும் அளவுக்குத் தேற வேண்டியிருந்தது. நல்ல சாப்பாடு கொடுத்தாலும் போன சதை அவ்வளவு சீக்கிரம் திரும்புவதில்லை. அதுவும் அந்த வயதில், அந்த நோயோடு. தேறிக்கொண்டுதான் வந்தார். ஒருநாள் நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து காட்டினார். டயாலிசிஸ் அறையில் எல்லோரும் கை தட்டினோம்.

மழைக்காலத்தில் அவருக்குச் சளி பிடித்தது. மற்றவர்கள் ஒரு வாரம் இருமிவிட்டு வேலைக்குப் போகிற சளி. அவருக்கு நெஞ்சுக்குள் இறங்கியது. வார்டில் சேர்த்தோம். இருமிச் சளியை வெளியே தள்ளக்கூட உடம்பில் தெம்பில்லை. பெரிய டாக்டர் தன்னால் ஆனதெல்லாம் செய்தார். ஒரு மத்தியானம், ஞானம் அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதே மூச்சு நின்றது.

வராண்டாவில் ஷீபா தாயிடம் சொன்னதை நான் கேட்டேன். “தூனே மார் டாலா மம்மி. பூக்கா ரக்கே மார் டாலா.” பட்டினி போட்டே கொன்றுவிட்டாய் என்று. ஞானம் சுவரோடு சாய்ந்து நின்றார். நான் ஷீபாவைப் பிடித்து இந்தப் பக்கம் கொண்டுவந்தேன். அந்த நேரத்தில் அவளுக்கு எதையும் விளக்க முடியாது. அவளுக்கு அப்பா போய்விட்டார்.

சில வாரங்கள் கழித்து ஞானம் தனியாக வந்தார். பிரிக்காத மருந்து அட்டைகள் வீட்டில் கிடக்கின்றன, வாங்க முடியாத யாருக்காவது கொடுங்கள் என்று பையை மேஜையில் வைத்தார். வைத்துவிட்டும் போகவில்லை. உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தார். ஷீபா வீட்டில் இருக்கிறாள், ஆனால் முகம் பார்த்துப் பேசுவதில்லை என்றார். பிறகு குனிந்தபடியே கேட்டார்.

“சிஸ்டர், அவியளுக்குப் பசிச்சுதா?”

பிள்ளைகளே, இந்த இடத்தில் நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியாது. நான் அந்த மனிதருக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். இல்லை என்ற ஒரு சொல்லோடு இந்தப் பெண்ணை வீட்டுக்கு அனுப்பிவிடலாம். ஆனால் அவர் என்னிடம் செய்தி கேட்டு வந்தவராகத் தெரியவில்லை. தனக்குத் தெரிந்த ஒன்றோடு தனியாக இருக்க முடியாமல் வந்திருந்தார். நான் பொய் சொன்னால், அதோடு அவரைத் தனியாக விட்டுவிட்டதாக ஆகும். வாக்கை மீறினேன்.

“பசிச்சுது ஞானம். எங்கிட்டச் சொன்னாரு. ஒவ்வொரு ரிப்போட்டுக்கும் நீங்க சிரிச்சீங்களாம். அதுக்காகத்தான் சொல்லாம இருந்தாராம்.”

வெளியே யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

“நான் கேட்டேன் சிஸ்டர். பசிக்கான்னு தெனமும் கேட்டேன். இல்லன்னாவ. நானும் அந்தக் கஞ்சியத்தான குடிச்சேன். அவியளுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணுன்னு ஆக்கத் தோணல. எனக்குப் பசிச்சுது. எனக்குப் பசிக்கயில அவியளுக்கு மட்டும் எப்படிப் பசிக்காம இருக்கும்னு நெனச்சுக்கிட்டேதான் இருந்தேன்.”

அப்போதுதான் நான் அவரை முதல் முறையாகப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். இத்தனை மாதமும் நோயாளியின் மனைவியாகத்தான் பார்த்திருந்தேன். வளையல் முழங்கை வரைக்கும் ஏறி இறங்கியது. கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. இப்போது என்ன சாப்பிடுகிறீர்கள் என்றேன். முந்தானையை இழுத்துக் கழுத்தை மூடிக்கொண்டார். அந்தக் கஞ்சி இன்னும் நிற்கவில்லை என்று புரிந்தது.

நோயாளி என்ன சாப்பிட்டார் என்று கேட்க உங்களுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். கூட வந்து நிற்கிறவர் என்ன சாப்பிட்டார் என்றும் கேளுங்கள். அதற்கு எந்த ரிப்போர்ட்டிலும் எண் கிடையாது.

அவரைக் கேன்டீனுக்குக் கூட்டிப்போனேன். சோறும் பருப்பும் ஒரு முட்டையும் வாங்கி முன்னால் வைத்தேன். முதல் கவளத்திலேயே அழத் தொடங்கினார். நான் தடுக்கவில்லை. அழுதுகொண்டே பிசைந்தார். நான் சற்றுத் தள்ளிப்போய் ஷீபாவுக்கு ஃபோன் செய்தேன். அப்பா பசியைத் தெரிந்தே மறைத்ததையும், ஏன் மறைத்தார் என்பதையும், அம்மாவும் அதே கஞ்சியைத்தான் குடித்திருக்கிறாள் என்பதையும் சொன்னேன்.

பிறகு அவள் குரல் வந்தது. “ஆன்ட்டி, மம்மி நே குச் காயா க்யா?” அம்மா ஏதாவது சாப்பிட்டாளா என்று கேட்டாள்.

சாப்பிடுகிறாள், நீ வா என்றேன்.